மங்கிய பதினோரு இரவுகள்

நெடுங்காடு,
18-11-1984

நாயகிக்கு அப்பா எழுதுவது.

நானும் உன் அம்மாவும் அவளுடைய முழங்கால் வலியும் ஒரே வீட்டில் ஒற்றுமையாக இருக்கிறோம். பெங்களூர்க் குளிர் உன்னை என்ன செய்கிறது என்று எழுது.

தீபாவளி முடிந்து நீ பஸ் ஏறிய மறுநாள் பிடித்த மழை இன்னும் விடவில்லை. மதகு முன்னால் ஆகாயத்தாமரை வந்து பாய் விரித்த மாதிரி அடைத்துக்கொண்டது. பலகையை முழுசாகத் தூக்கிவிட்டாலும் கீழே சொட்டுத் தண்ணீர் இறங்கவில்லை. மேலே வயலெல்லாம் முழுகுகிறது. லஸ்கர் வேலை என்றால் மதகைத் திறந்து மூடுவதுதான் என்று நம்பி இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் பொதுப்பணித்துறையில் சேர்ந்தவன் நான். இடுப்பளவு தண்ணீரில் நின்று தழை வாரவேண்டும் என்று அன்று யாரும் சொல்லவில்லை. நேற்று தழையோடு தழையாக ஒரு செத்த நாய் கைக்கு வந்தது. மூன்று தடவை சோப்புப் போட்டும் சோற்றில் கை வைக்க முடியவில்லை. அம்மா கரண்டியைக் கொடுத்து, "தொரை மாதிரி சாப்பிடுங்க" என்றாள்.

போஸ்ட்மேன் கருப்பையன், "பாப்பா என்னங்க படிக்குது?" என்று கேட்டான். கருந்துளை என்றேன். "தொளையில என்னங்க இருக்கு படிக்கிறதுக்கு?" என்றான். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. எட்டாம் வகுப்பில் என்னை இரண்டு வருஷம் விடாமல் வைத்துக்கொண்டார்கள். வாத்தியார்களுக்கு என்மேல் அவ்வளவு பிரியம். அந்தப் படிப்புக்கு ஏறுகிற மாதிரி எழுது. கருப்பையனிடம் நான் தலைநிமிர்ந்து பேச வேண்டும்.

நீ டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டுப் போன பச்சை அட்டை நோட்டு பத்திரம். யாரும் தொடக்கூடாது என்றாய். அம்மா அந்தப் பக்கம் விளக்குமாறுகூடக் கொண்டுபோவதில்லை. அதில் என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. கேட்டாலும் புரியாது என்பது ஒரு வசதி.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அப்பா
தெட்சிணாமூர்த்தி


பெங்களூர்,
29-11-1984

அன்புள்ள அப்பாவுக்கு,

நாயகி வணக்கம். எனக்குச் சளி மட்டும்தான். அம்மாவின் முழங்காலுக்கு நல்லெண்ணெயைச் சூடாக்கித் தேய்க்கச் சொல்லுங்கள்.

கருப்பையன் அண்ணனுக்கு இப்படிச் சொல்லுங்கள். வெகுதூரத்தில் ஒரு நட்சத்திரக் கூட்டம். அதன் நடுவில் கோடிச் சூரியன்களின் எடை ஒரே இடத்தில் ஒடுங்கிக் கிடக்கிறது. அதுதான் கருந்துளை. அதைச் சுற்றி வாயு ஒரு தட்டைப் போலச் சுழல்கிறது, மதகு முன்னால் தண்ணீர் சுழல்கிற மாதிரி. சுழலும் வேகம் இருக்கிறவரை அது உள்ளே விழாது. யாராவது அதன் வேகத்தைக் குறைக்க வேண்டும். அதைக் காந்தப்புலம் செய்கிறது என்று நினைக்கிறோம். ஆகாயத்தாமரையில் ஒரு குத்தும் அடுத்த குத்தும் வேரால் பின்னிக்கொண்டிருக்குமே, அதுபோல் உள்ளே வேகமாக ஓடும் வாயுவையும் வெளியே மெதுவாக ஓடும் வாயுவையும் காந்தக் கோடுகள் பிணைத்திருக்கின்றன. வெளியே இருப்பது உள்ளே இருப்பதைப் பின்னுக்கு இழுக்கிறது. வேகம் குறைந்தது உள்ளே விழுகிறது. விழுகிறபோது சூடேறி ஒளிர்கிறது. துளை கருப்புதான், ஒளிர்வது அந்தத் தட்டு. அந்த வெளிச்சம் கூடுவதையும் குறைவதையும்தான் மூன்று வருஷமாக அளக்கிறேன்.

இன்னொன்று. எங்கள் பேராசிரியர் பாலகுரு சனிப்பெயர்ச்சிக்குத் திருநள்ளாறு வருகிறார். மேஷ ராசி, அஷ்டமச் சனியாம். நம் வீட்டு விலாசம் கேட்டார். கொடுக்காமல் இருக்க முடியவில்லை. சாப்பாடு போட்டு அனுப்பிவிடுங்கள். என் வேலையைப் பற்றி எதுவும் பேச வேண்டாம். ஏன் என்று பிறகு எழுதுகிறேன்.

அம்மாவுக்கு என் அன்பு.

பெரியநாயகி


நெடுங்காடு,
24-12-1984

என் மகள் நாயகிக்கு,

வீட்டில் எல்லாரும் சுகம். எனக்கு மட்டும் தலைக்கனம் என்ற புது வியாதி. காரணம் உன் பேராசிரியர்.

போன வாரம் வாடகைக் காரில் வந்து இறங்கினார். நானே திருநள்ளாறு கூட்டிப்போனேன். கூட்டத்தை என்ன சொல்வது! நளதீர்த்தத்தில் எள்ளுப் போட இடமில்லை. உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்து முழுக்குப் போட்டு, கட்டியிருந்த துணியைக் குளத்திலேயே விட்டுவிட்டு வரவேண்டும் அல்லவா? பல்லாயிரம் பேர் விட்ட துணி. கரையில் என் உயரத்துக்கு ஈரக் குவியல், தண்ணீர்மேல் விரற்கடை கனத்துக்கு எண்ணெய். உள்ளே கால் வைத்தால் யாருடைய ரவிக்கையோ கணுக்காலைச் சுற்றுகிறது. சாமி குற்றம் இல்லாமல் சொல்கிறேன், அந்தச் செத்த நாயே தேவலை என்று இருந்தது. உன் ஆள் அதற்கெல்லாம் அசரவில்லை. சனி கிரகம் இங்கிருந்து எத்தனை கோடி மைல் என்று எனக்குக் கணக்குச் சொல்லிக்கொண்டே தலைக்கு எண்ணெய் வைத்தார். அவ்வளவு தூரத்தில் இருப்பவரிடம் இவ்வளவு பயமா என்று கேட்க வாய் வந்தது. விருந்தாளி ஆயிற்றே, விழுங்கிவிட்டேன்.

நம் வீட்டில்தான் சாப்பாடு. மூன்று தடவை சாம்பார் கேட்டார். "உங்க பொண்ணு வைரம் சார்" என்றார். சார்! நாற்பத்தொன்பது வயசில் முதல் சார். அவர் சாப்பிட்ட இலையை உன் அம்மாவை எடுக்கவிடாமல் நானே எடுத்தேன் என்றால் பார்த்துக்கொள்.

உன் வேலையைப் பற்றி நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீ சொன்னபடியே. ஆனால் உனக்கு ஒரு ஆச்சரியம் வருகிறது. அவரே நேரில் தருவார். இதற்குமேல் எழுதினால் ஓட்டை வாய் என்பாய்.

சளி எப்படி இருக்கிறது?

அப்பா


பெங்களூர்,
8-1-1985

அன்புள்ள அப்பாவுக்கு,

சளி போய்விட்டது. அம்மாவும் நீங்களும் நலம் என்று நம்புகிறேன்.

எனக்கு ஆச்சரியம் எதுவும் வரவில்லை. பேராசிரியர் திரும்பி வந்து இரண்டு வாரம் ஆகிறது. வாழைப்பழம் நன்றாக இருந்தது என்றார், அவ்வளவுதான்.

இப்போது விஷயத்தை எழுதிவிடுகிறேன். தீபாவளிக்கு வந்தபோதே சொல்லியிருக்க வேண்டும். உங்களைக் கவலைப்படுத்த வேண்டாம் என்று இருந்துவிட்டேன்.

அந்தத் தட்டின் வெளிச்சம் இருபத்தொரு நாளைக்கு ஒருமுறை தவறாமல் கூடும், காந்தப்புலம் நிறைந்து நிறைந்து அவிழ்வதுதான் காரணம் என்பது அவருடைய கொள்கை. நான் அறுபத்துநாலு இரவு அளந்தேன். ஐம்பத்துமூன்று இரவு அவர் சொல்வதற்கு ஒத்துவந்தது. பதினோரு இரவு ஒத்துவரவில்லை. கூட வேண்டிய நாளில் வெளிச்சம் மங்கியது. "அன்னைக்கு மேகம்மா, எடுத்துடு" என்கிறார். தொலைநோக்கிப் பக்கத்தில் நின்றவள் நான். பதினோரு இரவும் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

நீங்கள் எழுதினீர்களே, தழை அடைத்துக்கொண்டால் பலகையைத் தூக்கினாலும் கீழே தண்ணீர் இறங்காது என்று. படித்ததும் தூக்கிவாரிப்போட்டது. காந்தப்புலம் உள்விளிம்பில் குவிந்து அடைத்துக்கொண்டால் வாயு விழாது, விழாவிட்டால் மங்கும். நான் கண்டது அதுவாகத்தான் இருக்க வேண்டும். அந்தப் பதினொன்றும்தான் புதுசு, அப்பா. மற்றது எல்லாம் அவருக்கு முன்பே தெரிந்தது.

ஆராய்ச்சி நிலையத்தில் கருவி பதிந்து தரும் காகிதச் சுருள்களில் வெளிச்சத்தின் அளவு மட்டும்தான் இருக்கும். வானம் எப்படி இருந்தது என்பது பச்சை நோட்டில் மட்டும்தான். ஒவ்வொரு பக்கத்திலும் உதவியாளர் செல்லையன் அண்ணன் கையெழுத்து இருக்கிறது. அவர் இப்போது வேலைக்குப் பயந்து என்னைப் பார்த்தால் வேறு பக்கம் போகிறார். அதனால்தான் நோட்டை வீட்டில் வைத்தேன்.

நேற்றுப் பேராசிரியர் என் தலையைத் தடவி, "குழந்தே, கட்டுரை வந்தாத்தான் டாக்டர் பட்டம்" என்றார். அறைக்கு வந்து இரண்டு தரம் தலைக்குக் குளித்தேன். அருவருப்புப் போகவில்லை. பிப்ரவரி 25 கருத்தரங்கில் நான் நோட்டோடு எழுந்து நிற்க வேண்டும். இல்லாவிட்டால் பொய்யில் என் பெயரும் சேர்ந்துவிடும். நோட்டை உடனே ரிஜிஸ்தர் தபாலில் அனுப்புங்கள்.

பெரியநாயகி


நெடுங்காடு,
20-1-1985

நாயகிக்கு,

இங்கு பொங்கல் நல்லபடி கழிந்தது. கன்றுக்குட்டிக்கு மணி கட்டினோம். அது என்னை உதைத்தது. அம்மாவின் முழங்கால் பரவாயில்லை. மேட்டூர் அணையை மூடப்போகிறார்கள், எனக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும்.

நோட்டு விஷயம். தபாலாபீசில் பொங்கல் நெரிசல் இன்னும் குறையவில்லை. பத்திரமாக அனுப்ப வேண்டிய பொருள். கொஞ்சம் பொறு.

அம்மா தனியாக ஏதாவது எழுதினால் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. அவளுக்கு என்மேல் கோபம்.

நன்றாகச் சாப்பிடு.

அப்பா


நெடுங்காடு,
20-1-1985

மதிப்பிற்குரிய பேராசிரியர் பாலகுரு அய்யா அவர்களுக்கு, நெடுங்காடு தெட்சிணாமூர்த்தி பணிவுடன் எழுதிக்கொள்வது. தாங்களும் வீட்டில் உள்ளவர்களும் சனீஸ்வரன் அருளால் நலமாக இருப்பீர்கள்.

தாங்கள் புறப்பட்ட அன்று மகளிடம் சேர்க்கச் சொல்லி என் கையால் கொடுத்த பச்சை அட்டை நோட்டு இன்னும் அவளிடம் சேரவில்லை என்று தெரிகிறது. வேலை நெருக்கடியில் மறந்திருப்பீர்கள். பெரியவர்களுக்கு ஆயிரம் யோசனை. அவளிடம் கொடுத்துவிட்டால் போதும், எனக்குப் பதில் எழுதும் சிரமம்கூட வேண்டாம். அவளுக்கு அது இந்த மாதமே வேண்டுமாம்.

ஏதாவது தப்பாக எழுதியிருந்தால் என் படிப்பைப் பொறுத்தருள வேண்டும்.

தங்கள் கீழ்ப்படிந்த
தெட்சிணாமூர்த்தி


பெங்களூர்,
4-2-1985

அன்புமிக்க திரு. தெட்சிணாமூர்த்தி அவர்களுக்கு,

நலம். தங்கள் கடிதம் கிடைத்தது. தங்கள் இல்லத்தில் உண்ட சாம்பாரின் சுவை இன்னும் நாவில் நிற்கிறது.

தாங்கள் குறிப்பிடும் நோட்டு எதுவும் என்னிடம் தரப்படவில்லை. தாங்கள் அன்புடன் அளித்த வாழைப்பழங்களை மட்டுமே பெற்றுக்கொண்டேன். வயதும் வேலைப்பளுவும் கூடும்போது இத்தகைய நினைவுப் பிசகு யாருக்கும் இயல்பே. தங்கள் மகள் சற்று உணர்ச்சிவசப்படுபவர். அவருக்கு எதிர்காலம் இருக்கிறது. தந்தை என்ற முறையில் நல்ல புத்தி சொல்லுங்கள்.

ஆஞ்சநேயர் குங்குமம் இத்துடன் வைத்துள்ளேன்.

பாலகுரு


பெங்களூர்,
12-2-1985

அப்பா,

ஒரு மாதம் ஆகிவிட்டது. நோட்டு வரவில்லை. காலையும் மாலையும் தபால் பெட்டியைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறேன்.

இன்று பேராசிரியர் வராந்தாவில் எல்லாருக்கும் முன்னால் சிரித்துக்கொண்டே, "உன் நோட்டு எங்கேம்மா? கொண்டா, பாத்துடலாம்" என்றார். இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்தவன் கேட்கிற கேள்வி அது. அவருக்கு எப்படித் தெரியும்?

அம்மா எதுவும் எழுதவில்லை. நீங்கள் கன்றுக்குட்டியைப் பற்றி எழுதுகிறீர்கள். என்ன நடந்தது?

நாயகி


நெடுங்காடு,
16-2-1985

நாயகி,

நலம் விசாரிக்கும் யோக்கியதை எனக்கு இல்லை. நேராகச் சொல்கிறேன். நோட்டை நான்தான் அவரிடம் கொடுத்தேன்.

அன்று அவர் கிளம்பிவிட்டார், கார் நிற்கிறது. மழையில் முறுக்கு நமுத்துப்போய்விட்டது. வீட்டில் வாழைப்பழம் தவிர வேறு எதுவும் இல்லை. பெங்களூரிலிருந்து வந்த மனுஷனை ஒரு சீப்புப் பழத்தோடு அனுப்பினால் நம்மை என்ன நினைப்பார் என்று எனக்குக் கூச்சம். கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். அவர் பார்த்துவிட்டார்.

"எதுக்கு சார் சங்கடப்படுறீங்க? குடுத்தே ஆகணும்னா நாயகியோட நோட்டு இங்க இருந்தா குடுங்க. அது கையிலயே சேத்துடறேன். தபால் செலவு மிச்சம்."

அம்மா கதவோரத்திலிருந்து, "அது தொடக் கூடாதுன்னுட்டுப் போயிருக்குங்க" என்றாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உன்னத்தாண்டி தொடக் கூடாதுன்னுச்சு, புளிக் கையோட!" என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். ஒரு பேராசிரியரைச் சிரிக்க வைத்துவிட்டேன் என்று எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. நானே பெட்டியைத் திறந்து, மஞ்சள் பையில் நோட்டை அடியில் வைத்து, நனையாமல் இருக்கப் பழத்தை மேலே வைத்து, கார்க் கதவைத் திறந்து மடியில் வைத்தேன். அதுதான் உனக்கு வரவிருந்த ஆச்சரியம்.

உன் கடிதத்தைப் படித்ததும் அவருக்கு எழுதிக் கேட்டேன். திருப்பிக் கொடுத்துவிடுவார், உனக்குத் தெரியாமலே சரியாகிவிடும் என்று நினைத்தேன். அதனால்தான் கன்றுக்குட்டி. அவர் பதிலை இத்துடன் வைத்திருக்கிறேன். படித்துவிட்டுக் கையைக் கழுவிக்கொள். குங்குமத்தை வாய்க்காலில் கொட்டினேன்.

அந்த ஆளை நினைத்தால் குமட்டுகிறது. நம் உப்பைத் தின்றுவிட்டு நினைவுப் பிசகு என்று எழுதுகிறான். அவன் தின்ற எச்சில் இலையை எடுத்த என் கையைப் பார்த்தால் அதைவிடக் குமட்டுகிறது. சார் என்ற ஒரு சொல்லுக்குப் பெற்ற மகளின் மூன்று வருஷத்தைத் தூக்கிக் கொடுத்தவன் நான். எட்டாம் வகுப்பு ஃபெயில் என்று நானே சொல்லிக்கொள்வது வேடிக்கைக்கு. இது வேடிக்கை இல்லை.

என்ன செய்ய வேண்டும் என்று எழுது. பெங்களூர் வரட்டுமா? எந்த ஆபீசில் வேண்டுமானாலும் வந்து, கொடுத்தேன் என்று சொல்கிறேன்.

அப்பா


நெடுங்காடு,
9-4-1985

நாயகிக்கு,

ஏழு வாரமாக உன்னிடமிருந்து எழுத்து இல்லை. உடம்பு நன்றாக இருக்கிறதா, அதை மட்டுமாவது ஒரு கார்டில் போடு. அம்மா என்னோடு சோறு சாப்பிடு, தண்ணீர் எடு என்ற அளவில்தான் பேசுகிறாள்.

போன மாதக் கடைசியில் பேப்பரில் வந்தது. 'காரைக்கால் பெண்ணின் விண்வெளிச் சாதனை.' உன் படம், பக்கத்தில் அவன் படம். இருபத்தொரு நாள் தாளம் தவறாத காந்தத் தட்டாம், வெளிநாட்டுப் பத்திரிகையில் வரப்போகிறதாம், இருவர் பெயரும் சேர்ந்து. பதினொன்றைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. நீ ஒப்புக்கொண்டாயா, உன்னைக் கேட்காமல் போட்டார்களா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் எனக்கு வாய் இல்லை.

ஊர் சும்மா இருக்கவில்லையே. தலைமையாசிரியர் நடராசன் பள்ளிக்கூடத்தில் பாராட்டுக் கூட்டம் ஏற்பாடு செய்துவிட்டார். நீ வரமுடியாது, பெற்றவர்கள் வந்து துண்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். மறுத்துப் பார்த்தேன். "லஸ்கருக்கு வெக்கத்தப் பாரு" என்று சிரித்தார்கள். வீட்டு வாசலில் கலர்க் காகிதத் தோரணம் வேறு கட்டிவிட்டுப் போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம். நூற்றைம்பது பேர் இருக்கும். அம்மா வரமாட்டேன் என்றுவிட்டாள். துண்டு போட்டார்கள். லட்டு கொடுத்தார்கள். வாயில் வைத்தேன், நளதீர்த்தத்து எண்ணெய் ருசி. துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் மைக் முன்னால் போய் நின்றேன். முடிவு செய்துகொண்டுதான் போயிருந்தேன்.

"இந்தத் துண்டு எம் மகளுக்குச் சேராதுங்க" என்றேன். "பேப்பர்ல போட்டிருக்கிறது பொய்யிங்க. அறுபத்துநாலு ராத்திரியில பதினோரு ராத்திரிய எடுத்துட்டாங்க. அந்தப் பதினோரு ராத்திரியும் வானம் தெளிவா இருந்துச்சு. அதுக்கு அத்தாட்சி நோட்டு இருந்துச்சு. அத நாந்தான் வாழப்பழத்துக்கு அடியில வச்சு அந்த ஆள்கிட்டக் குடுத்தேன்."

சிரிப்பு என்றால் அப்படி ஒரு சிரிப்பு, நாயகி. பின்னாலிருந்து ஒருவன், "லஸ்கர் ஆரம்பிச்சுட்டாருய்யா!" என்று கத்தினான். "சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்றேன்" என்றேன். இன்னும் சிரித்தார்கள். "நான் முட்டாப்பய" என்றேன். கை தட்டினார்கள். தலைமையாசிரியர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தன்னடக்கத்த இவர்ட்டக் கத்துக்கணும்" என்று முடித்துவைத்தார்.

முப்பது வருஷமாக இந்த ஊரைச் சிரிக்க வைத்திருக்கிறேன். கல்யாண வீடு, சாவு வீடு பாக்கியில்லை. அதற்குக் கிடைத்த கூலி இது. ஒரே ஒரு தடவை நிஜம் சொல்ல வாய் திறந்தேன், என் வாய் என்னையே ஏமாற்றிவிட்டது. வீட்டுக்கு வந்து உப்புப் போட்டுக் கொப்பளித்தேன். லட்டின் எண்ணெய் போயிற்று. மற்றது போகவில்லை.

இதை உனக்கு மறைக்காமல் எழுதிவிட வேண்டும் என்றுதான் எழுதினேன். பதில் வேண்டும் என்பதற்காக இல்லை.

அப்பா


பெங்களூர்,
19-4-1985

அன்புள்ள அப்பாவுக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. அம்மாவிடம் சொல்லுங்கள்.

நான் எழுதாமல் இருந்ததற்கு உங்கள்மேல் இருந்த கோபம் ஒரு காரணம். இல்லை என்று சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும். நோட்டைக் கொடுத்ததாக நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு நாள் உங்கள் பெயரைக்கூட நினைக்கப் பிடிக்கவில்லை. ஆனால் ஏழு வாரத்துக்கு அது மட்டும் போதாது. பிப்ரவரிக் கருத்தரங்கில் நான் எழுந்திருக்கவில்லை. கையில் நோட்டு இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாய் இருந்தது. "கட்டுரையில உன் பேரும் போடறேன், சம்மதம்தானே?" என்று பேராசிரியர் கேட்டார். தலையாட்டினேன். ஒருவரும் என்னைக் கேட்காமல் போடவில்லை, அப்பா. பேப்பரில் அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு அருவருப்பாக இருந்தது அவர் முகம் இல்லை.

பாராட்டுக் கூட்டத்தைப் பற்றிய உங்கள் கடிதம் திங்கட்கிழமை வந்தது. நீங்கள் பதினொன்று என்று சொல்லியிருக்கிறீர்கள். வானம் தெளிவு என்றும் சொல்லியிருக்கிறீர்கள். சிரித்தார்களோ இல்லையோ, நூற்றைம்பது பேர் காதில் விழுந்திருக்கிறது. அதுவரை அந்த எண்ணை யாரும் நாலு பேருக்கு முன்னால் சொன்னதே இல்லை. நானே சொன்னதில்லை.

புதன்கிழமை நிலையத்தின் வாரக் கூட்டத்தில் எழுந்து சொன்னேன். பதினோரு இரவு, பதினோரு தேதி, மனப்பாடமாக. இங்கே யாரும் சிரிக்கவில்லை. யாரும் எதுவும் கேட்கவும் இல்லை. ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். செல்லையன் அண்ணன் கதவருகே டீத் தட்டோடு நின்று தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "டீ ஆறிடும்" என்று பேராசிரியர் கூட்டத்தை முடித்தார். உங்கள் கூட்டமே தேவலை.

கட்டுரையிலிருந்து என் பெயரை எடுத்துவிடச் சொல்லிப் பத்திரிகைக்கு எழுதிவிட்டேன். இனி இங்கே எனக்கு இடம் இல்லை என்று மறுநாள் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மூன்று வருஷமும் போயிற்று. வேறு ஊரில் வேறு யாராவது சேர்த்துக்கொள்வார்களா என்று தெரியாது. சேர்த்தால் முதல் இரவிலிருந்து அளக்க வேண்டும். பொய்யில் என் பெயர் இல்லை. இப்போதைக்கு இது ஒன்றுதான் கையில் இருக்கிறது.

28ஆம் தேதி மாயவரம் வழியாக வருகிறேன். அழைக்க வரவேண்டாம்.

நாயகி


நெடுங்காடு,
25-4-1985

நாயகி,

வா. அம்மா இன்று என்னோடு இரண்டு வாக்கியம் பேசினாள். இரண்டாவது என்னைத் திட்டி.

வாசல் தோரணத்தை நானே அறுத்து எறிந்துவிட்டேன். கேட்டவர்களுக்கு எல்லாம் காரணம் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு வராத மாதிரிச் சொல்லப் பழகிப் பார்க்கிறேன், இந்த மூஞ்சிக்கு வரமாட்டேன் என்கிறது.

உன் கடிதத்தைக் கொண்டுவந்த கருப்பையனிடமும் சொன்னேன். வாழைப்பழம் வரைக்கும் அவனும் சிரித்தான். பிறகு என்ன தோன்றிற்றோ, சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டு, "அப்ப பாப்பா படிப்பு?" என்று கேட்டான்.

உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, முதல் ராத்திரியிலிருந்து சொன்னேன்.

அப்பா